கந்தையும் இரவல்

ஓர் ஆயிரமாண்டு முடிந்து மற்றொன்று பிறந்த அந்த ஐந்தாறு வருஷங்களில், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பாடகிகளும் நடிகைகளும் உடுத்துத் திரிந்தவற்றை, அப்போது பிறந்தேயிராத இளைஞர்களும் யுவதிகளும் இன்று தேடித் தேடி வாங்கி அணிகிறார்கள். இடுப்பெலும்புக்குக் கீழே இறங்கி நிற்கும் ஜீன்ஸ், வெலூர் துணியில் தைத்த டிராக் சூட், அக்குளில் இடுக்கிக்கொள்ளும் சின்னஞ்சிறு கைப்பை, லாரி ஓட்டுநர்களின் வலைத்தொப்பி ஆகிய எல்லாமே திரும்பி வந்துவிட்டன. ஒரு தலைமுறை கழித்து உடைகள் திரும்புவது உலக இயற்கை. அதைக் குறைகூறப் பெரியவர்களுக்குப் பாத்தியதை ஏதும் இல்லை. ஆனால், அந்த உடைகள் யாரிடமிருந்து யாருக்கு, என்ன நிபந்தனையின் பேரில் கைமாறின என்கிற சரித்திரம் அவற்றோடு கூட வரவில்லையே என்பதுதான் என் மனத்தை உறுத்துகிறது. அக்காலத்து அலங்காரத்துக்கு ஜீவநாடியாக இருந்தது இரவல் என்பது என் அபிப்பிராயம். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம் என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. கந்தையையே இரவல் வாங்கும் காலமும் ஒன்று வரும் என்று அவர்களுக்குத் தோன்றியிராது.

அந்தக் காலம் 2000ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் பாரிஸ் நகரில் வந்தது. கிறிஸ்டியன் டியோர் ஸ்தாபனத்தின் தலைமை வடிவமைப்பாளராயிருந்த ஜான் கலியானோ, ஸேன் நதியோரமாகக் காலையில் ஓடிப் பயிற்சி செய்கையில், வீடுவாசலற்று அங்கே கிடக்கும் ஏழைகளைக் கண்டு, அவர்கள் உடம்பில் சுற்றியிருந்த கந்தல்களின் மடிப்பிலும் அடுக்கிலும் ஒரு சௌந்தரியத்தை உணர்ந்து, அந்த உணர்ச்சியையே தம் புதிய உடைகளில் வடித்திருப்பதாகச் சொன்னார். கிழிசல் போலத் தைத்த பட்டுகளும், உள்துணி வெளியே தெரியும் மேலங்கிகளும், பழைய செய்தித்தாளை உடம்பில் சுற்றிக்கொண்டாற் போன்ற அச்சுத் துணிகளும், இடுப்பிலிருந்து தொங்கும் தகரக் குவளைகளும், சின்ன மதுப்புட்டிகளுமாக ஒட்டி உலர்ந்த பெண்கள் நடந்து வர, ஓர் உடைக்குப் பல்லாயிரம் டாலர் கொடுக்க வல்ல சீமாட்டிகள் முன்வரிசையில் அமர்ந்து பார்த்தார்கள். வீடற்றவர்களுக்காகப் பாடுபடுவோர் டியோர் கடையின் முன்னால் கூடி ஆர்ப்பாட்டம் செய்தார்கள். ஆயினும் செய்தித்தாள் அச்சிட்ட துணி அதே ஆண்டில் அந்த ஸ்தாபனத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. ‘செக்ஸ் அண்ட் தி சிட்டி’ என்னும் தொலைக்காட்சித் தொடரில் கேரி பிராட்ஷா என்ற பாத்திரம் அதை உடுத்தி வந்த பிறகு, அதன் பிறப்பிடம் நதிக்கரை என்பதை நினைப்பார் இல்லை. மறு ஆண்டு வெளிவந்த ‘ஜூலாண்டர்’ திரைப்படம் குப்பைக்காரர் கோலத்தில் ஓர் ஆடை அணிவகுப்பைக் காட்டி இதைப் பரிகாசம் செய்தது. அந்தப் பரிகாசம் அசலை வெகுவாக மிகைப்படுத்திவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

கலியானோவின் கைத்திறனை நான் மறுக்கவில்லை. துணியைக் கிராஸாக வெட்டி உடம்போடு ஒழுகச் செய்வதில் அவருக்கு நிகரானவர் அக்காலத்தில் மிகச் சிலரே. கந்தலில் அழகைக் காண்பதும் கலைஞனுக்குள்ள சுதந்திரந்தான். கடன் வாங்கிய இடத்தில் கணக்கு வைத்துக்கொள்ளாத அலட்சியத்தைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன். ஏனெனில், அதே ஸ்தாபனமும் அதன் போட்டி ஸ்தாபனங்களும் தாங்கள் கடன் கொடுத்த இடத்தில் மட்டும் மிக நுட்பமாகக் கணக்கு வைத்திருந்தன.

அவை கடன் கொடுத்தது நட்சத்திரங்களுக்கு. ஹாலிவுட்டின் பழைய நாட்களில் நடிகைகளின் கோலத்தை ஸ்டூடியோவில் சம்பளம் வாங்கிய எடித் ஹெட் போன்ற உடையலங்கார நிபுணர்களே கவனித்துக்கொண்டார்கள். ஸ்டூடியோக்களின் ஆதிக்கம் சரிந்த பிறகு நட்சத்திரங்கள் தம் பொறுப்பிலேயே உடுத்த வேண்டியதாயிற்று. ஹாரி வின்ஸ்டன் என்ற வைர வியாபாரி 1944ஆம் ஆண்டிலேயே ஆஸ்கார் விழாவுக்கு ஜெனிஃபர் ஜோன்ஸுக்கு நகை இரவல் கொடுத்து வழிகாட்டியிருந்தார். 1980களில் ஜார்ஜியோ அர்மானி நட்சத்திரங்களை உடுத்திவிடுவதையே ஒரு விளம்பர முறையாக ஆக்கினார். 1990களின் இறுதிக்குள், விழாவுக்கு வரும் நடிகை தான் உடுத்தியதற்குப் பணம் கொடுத்தாள் என்றால் அது விசித்திரம் என்கிற நிலைமை உண்டாகிவிட்டது. சிவப்புக் கம்பளத்தின் ஓரத்தில் ஒலிவாங்கியோடு நின்ற ஜோன் ரிவர்ஸ் அம்மையார், படத்தைப் பற்றியோ நடிப்பைப் பற்றியோ கேட்பதற்கு முன்பாக, உடை யாருடையது என்றே கேட்டார். பதிலாக வரும் ஒரு பெயருக்காகத்தான் கவுன் இரவல் கொடுக்கப்பட்டது. அந்தக் கவுனை வாங்கக்கூடியவர்கள் உலகெங்கும் சில நூறு பேர் இருக்கலாம். ஆனால் அந்தப் பெயர் பொறித்த வாசனைத் திரவியத்தையும், கறுப்புக் கண்ணாடியையும், கைப்பையையும் வாங்கக் கூடியவர்கள் கோடிக்கணக்கானவர்கள். 1997இல் சில்வியா வெந்துரீனி ஃபெண்டி வடித்த ‘பகெட்’ என்ற சிறு பையின் பிரக்யாதி ஓங்கிய இரண்டே வருஷங்களில், எல்விஎம்ஹெச், பிராடா என்ற இரு பெரிய நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து ஃபெண்டி குடும்பத்தின் வியாபாரத்தில் பெரும்பங்கை வாங்கின என்பதிலிருந்து, லாபம் எங்கே இருந்தது என்பதை ஊகிக்கலாம். 1999இல் ஆஸ்கார் பரிசு பெற்ற குவினெத் பால்ட்ரோ இளஞ்சிவப்பு உடையோடு அணிந்திருந்த வைர மாலையை அவருடைய தந்தை பிறகு விலை கொடுத்து வாங்கித் தந்தார் என்று படித்தபோது, அந்த மண்டபத்தில் ஒருவராவது இரவலைச் சொந்தமாக்கிக்கொண்டாரே என்று எனக்குச் சிறிது திருப்திகூட ஏற்பட்டது.

இந்த இரவல் வியாபாரத்தின் உச்சம் 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நடந்த கிராமி இசைவிருது விழா. கானகத்து இலைகள் அச்சிட்ட பச்சை நிறச் சிஃபான் பட்டில், கழுத்திலிருந்து கொப்பூழுக்குக் கீழ்வரை திறந்து, அங்கே ஓர் அணியால் மட்டும் பிணைக்கப்பட்ட வெர்சாச்சே உடையில் பாடகியும் நடிகையுமான ஜெனிஃபர் லோபஸ் மேடைக்கு வந்தார். அது புத்துடை அன்று. அதை வடித்த டொனடெல்லா வெர்சாச்சே முந்திய டிசம்பரில் நியூயார்க் விருந்தொன்றில் தாமே அணிந்தார். ஜனவரியில் பிரான்ஸில் ஜெரி ஹாலிவெல் என்ற ஆங்கிலப் பாடகி அணிந்தார். அப்போதெல்லாம் உலகம் அசையவில்லை. லோபஸ் அணிந்தபோது மட்டும் அசைந்தது. அந்த உடையைக் காண வேண்டி கூகிளில் அதுவரை கண்டிராத அளவுக்கு ஜனங்கள் தேடியதும், வெறும் எழுத்துகளை மட்டும் தரக்கூடிய அந்தத் தேடுபொறியால் அவர்களுக்குப் படத்தைக் காட்ட முடியாமற் போனதுந்தான், 2001 ஜூலையில் படத் தேடல் பிறப்பதற்கு ஒரு தூண்டுதல் என்று அந்த நிறுவனத்தின் தலைவராயிருந்த எரிக் ஷ்மிட் பின்னாளில் எழுதினார். 1997இல் மயாமியில் அண்ணன் ஜியான்னி சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அவருடைய நாற்காலிக்குத் தகுதியானவள்தானா என்ற சந்தேகப் பார்வைகளுக்கு நடுவே தொழிலை நடத்திவந்த டொனடெல்லாவுக்கு அந்த ஓர் இரவு எத்தனை விளம்பரங்களுக்குச் சமம் என்று சொல்ல வேண்டியதில்லை. லோபஸும் நஷ்டப்படவில்லை: மறு வருஷம் அவர் பெயரில் உடைகள் விற்பனைக்கு வந்தன, 2002இல் ‘குளோ’ என்ற வாசனைத் திரவியம் வந்தது. கொடுத்தவர், வாங்கியவர் இருவருமே பெரியவர்களாயிருந்தால் இரவல் வட்டியோடு திரும்புகிறது.

இதன் நடுவே இரவலுக்குக் கட்டுப்படாத ஒருத்தியும் இருந்தாள் என்பதைச் சொல்லாமல் போக மனமில்லை. 2001 மார்ச்சில் ஆஸ்கார் விழாவுக்கு வந்த ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க், மர்யான் பெயோஸ்கி என்ற இளம் வடிவமைப்பாளர் செய்த அன்னப்பறவை உடையைத் தரித்து, அன்னத்தின் கழுத்தைத் தன் கழுத்தில் சுற்றிக்கொண்டு, கம்பளத்தின் மீது முட்டையிடுவது போலவும் பாவனை செய்தார். பத்திரிகைகள் எள்ளி நகையாடின. மோசமான உடைகளின் பட்டியல்களில் அது முதலிடத்துக்குப் போட்டியிட்டது. எனக்கோ, அந்த மண்டபத்தில் விளையாடத் தெரிந்த மனித ஜீவன் அவர் ஒருவர்தான் என்று தோன்றுகிறது.

இரவலுக்கு ஒரு நிபந்தனை உண்டு. அது வெளியே பேசப்படுவதில்லை. ஆடை ஸ்தாபனம் கடன் கொடுப்பது, அணிவகுப்பில் மாடல் பெண் அணிந்து நடந்த அந்த ஒரே மாதிரிப் பிரதியை. அது மாடலின் உடம்புக்கு, அதாவது ஆயிரத்தில் ஒருத்திக்கு வாய்க்கும் மெலிந்த உடம்புக்கு, வெட்டப்பட்டது. தையற்காரர் உடம்புக்குத் துணியை வெட்டுவது உலக வழக்கு. இங்கோ நட்சத்திரம் தன் உடம்பைத் துணிக்குத் தகுந்தபடி குறைக்க வேண்டியதாயிற்று. இங்கிலாந்தின் அலெக்ஸாண்டர் மெக்குயின் 1990களின் தொடக்கத்தில் கால்சட்டையின் இடுப்பை முதுகெலும்பின் அடிவரை இறக்கியபோது, பின்புறத்தைக் காட்டுவதைவிட உடலை நீட்டிக் காட்டுவதே தம் நோக்கம் என்று விளக்கினார். அது ஒரு சிற்பியின் கண். அதே தாழ்ந்த இடுப்பு பாப் பாடகிகளின் வழியாக வீதிக்கு வந்தபோது சிற்பம் மறைந்து பரீட்சை மட்டும் மிஞ்சியது. வயிற்றில் ஒரு மடிப்பும் மன்னிக்கப்படாத அந்த ஜீன்ஸை, பதினைந்து வயதுச் சிறுமிகள் பள்ளிக்கும் கடைத்தெருவுக்கும் அணிந்தார்கள். நட்சத்திரங்களின் தொப்பையை வட்டமிட்டுக் காட்டும் வாரப் பத்திரிகைகள் அவர்களுக்கு வாரந்தோறும் மதிப்பெண் போட்டன. பழைய அளவுகளை நம்பியிருந்தவர்கள் பெருத்த நஷ்டம் அடைந்தார்கள்: 1996இல் 710 கோடி டாலராயிருந்த லீவைஸ் விற்பனை 2003இல் ஏறத்தாழ 410 கோடியாகச் சுருங்கியதற்குக் காரணங்கள் பல என்றாலும், இந்த இடுப்பிறக்கத்தைத் தாமதமாகப் புரிந்துகொண்டதும் அவற்றுள் ஒன்று.

மாதிரிப் பிரதிக்குள் அடங்காதவர்களுக்கும், அடங்கினாலும் வாசலில் நிறுத்தப்பட்டவர்களுக்கும் என்ன வழி? டெஸ்டினிஸ் சைல்ட் என்ற பாடகியர் குழு அமெரிக்காவெங்கும் புகழ் பரப்பிக்கொண்டிருந்த நாட்களில், கறுப்பினத்தைச் சேர்ந்த, நாட்டுப்புறச் சாயல் கொண்ட, உடற்கட்டுள்ள அந்தப் பெண்களுக்கு உயர்தர ஸ்தாபனங்கள் உடை கொடுக்க விரும்பவில்லை என்பதையும், விலை கொடுத்து வாங்க அவர்களிடம் வசதி இல்லை என்பதையும், அவர்களுள் ஒருவரான பியான்சே 2016ஆம் ஆண்டில் அமெரிக்க ஆடை வடிவமைப்பாளர் மன்றத்தின் விருதைப் பெற்றபோது அந்த வடிவமைப்பாளர்களின் முன்னிலையிலேயே எடுத்துச் சொன்னார். உடை தைத்தவர் அவருடைய தாயார் டினா நோல்ஸ். அவருக்கு முன்னே அவருடைய தாயாரும் தையற்காரி. குழந்தைகளின் கத்தோலிக்கப் பள்ளிக் கட்டணத்துக்குப் பணமில்லாமல், பாதிரிமாருக்கும் கன்னிமாருக்கும் அங்கிகளும், மாணவர்களுக்குச் சீருடைகளும் தைத்துக் கொடுத்து மகளைப் படிக்க வைத்தவர். 2004இல் தாயும் மகளும் தொடங்கிய ஆடை வியாபாரத்துக்கு அந்தப் பாட்டியின் பிறப்புப் பெயராகிய டெரியோன் சூட்டப்பட்டது. ராணுவத்துணியும் கல்லும் மணியும் வைத்து டினா அம்மையார் ஒரே மாதிரித் தைத்த அந்த உடைகளைப் பாமரத்தனம் என்று அப்போது எழுதிய விமரிசகர்கள் உண்டு. நான்கு வெவ்வேறு உடம்புகளுக்கு நான்கு அளவெடுத்து, நான்கையும் ஒரு குடும்பமாகத் தோற்றுவிப்பது பாரிஸ் ஆடை மாளிகைகள் கைவிட்ட பழைய தையல் தர்மம் என்பது அவர்கள் கண்ணில் படவில்லை.

வாசலில் நிறுத்தப்பட்டவர்களிடமிருந்தே பாணியை எடுத்துக்கொள்வதில் மட்டும் யாருக்கும் தயக்கம் இல்லை. கேரி பிராட்ஷாவின் கழுத்தில் தொங்கி உலகமெங்கும் பிரதியெடுக்கப்பட்ட பெயர்ச் சங்கிலி, நியூயார்க்கில் தம் கடைக்கு வரும் கறுப்பின, லத்தீன் இனப் பிள்ளைகளின் கழுத்தில் தாம் கண்டதே என்று அத்தொடருக்கு உடையமைத்த பட்ரிசியா ஃபீல்டு ஒளிக்காமல் சொன்னார். அந்த நேர்மைக்காக அவரை மதிக்கிறேன். ஹார்லெமில் 125ஆம் வீதியில் டேப்பர் டேன் என்ற டேனியல் டே 1982இல் திறந்த கடையின் கதை இதைவிடக் கசப்பானது. குச்சி, லூயி வித்தோன், ஃபெண்டி ஆகியவற்றின் முத்திரைகளைத் தாமே தோலில் அச்சிட்டு, ராப் பாடகர்களுக்கும் குத்துச்சண்டை வீரர்களுக்கும் சூதாட்டத் தலைவர்களுக்கும் அந்த மாளிகைகளே கனவு கண்டிராத உருவங்களில் மேலங்கிகள் தைத்தார். வர்த்தக முத்திரைச் சட்டம் மாளிகைகளின் பக்கம் இருந்தது என்பதில் ஐயமில்லை. ஃபெண்டியின் வழக்கறிஞர்களும் மற்றவர்களும் நடத்திய சோதனைகளால் 1992இல் கடை மூடப்பட்டது. எட்டே வருஷம் கழித்து, முத்திரையைத் தலை முதல் கால்வரை பரப்புவதே பெரிய மாளிகைகளின் பெரிய யுக்தியாயிற்று. டியோர் தன் எழுத்துகளைப் பை முதல் காலணிவரை இறைத்தது; லூயி வித்தோன் 2001இல் தன் முத்திரையின் மேல் வீதிச் சுவர்க் கிறுக்கல்களைத் தீட்டி விற்றது. ஹார்லெமின் பெயரை அப்போது யாரும் உச்சரிக்கவில்லை.

நம்மவர்களைத் தொடும் கணக்கும் இதில் ஒன்று உண்டு. 1990களின் நடுப்பகுதியில் க்வென் ஸ்டெஃபானி என்ற பாடகி, இந்திய வமிசத்தவரான தம் குழு நண்பரின் குடும்பத்துப் பெண்களைப் பார்த்து நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு மேடையேறினார். மடோனா 1998இல் ஒரு பாடற்படத்தில் கைகளில் மருதாணிக் கோலத்தோடு தோன்றினார், அவ்வாண்டின் விருது விழாவொன்றில் நாமம் தரித்துப் பாடி, வைஷ்ணவ அமைப்பொன்றின் ஆட்சேபத்துக்கும் ஆளானார். அதன்பின் பொட்டு அட்டைகளும் மருதாணிக் குழாய்களும் அமெரிக்கக் கடைவீதிகளில் குவிந்தன. ஒருவர் நெற்றியில் என்ன வைத்துக்கொள்கிறார் என்பதில் நமக்கு வழக்கொன்றும் இல்லை. ஆசையோடு வைத்துக்கொள்வதை அவமதிப்பு என்று சொல்லவும் என் நா எழவில்லை. ஆனால் 1987இல் நியூ ஜெர்ஸியின் ஜெர்ஸி சிட்டியில், பொட்டு வைத்த பெண்களைக் கொண்டே இந்தியர்களை அடையாளம் கண்டு, பொட்டை ஒழிப்போம் என்று பெயர் வைத்துக்கொண்ட கும்பலொன்று, உள்ளூர்ச் செய்தித்தாளுக்குக் கடிதமெழுதி மிரட்டி, வீடுகளைத் தாக்கி, மனிதர்களை அடித்தது. அத்தாக்குதல்களில் உயிரும் போயிற்று. வீதியில் இறங்குவதற்கு முன் பொட்டை அழித்துவிட்டுப் போன தாய்மார் அந்நகரில் இருந்தார்கள். அதற்குப் பிறகு சுமார் பத்து வருஷந்தான். அதே பொட்டு பாடகியின் நெற்றியில் ஏறியதும் துணிவும் புதுமையுமாயிற்று; அந்தத் தாய்மாரைப் போய்ப் பார்த்து எழுதிய அலங்காரப் பத்திரிகை எதையும் நான் கண்டதில்லை.

இன்று அந்தக் காலத்து உடைகளை வாங்கும் பிள்ளைகளிடம் இதையெல்லாம் சொல்லிக் குற்ற உணர்ச்சியை ஊட்டுவது என் எண்ணமன்று. பழைய துணிக் கடைகளில் பொறுக்கியெடுத்து, தம் உடம்புக்குத் தக்கபடி பிரித்துத் தைத்து அணிகிறவர்களும் அவர்களுள் இருக்கிறார்கள். கனத்த உடம்போடு தாழ்ந்த இடுப்பை நாணமின்றி அணியும் பெண்ணைக் கண்டால், 2001இல் அவளுக்கு மறுக்கப்பட்டதை அவளாகவே எடுத்துக்கொண்டாள் என்று நான் மகிழ்கிறேன். என்னுடைய முறையீடு, அந்தக் காலத்தைக் கண்காட்சியாக வைக்கும் அருங்காட்சியகங்களிடமும், மறுபதிப்புச் செய்து விற்கும் மாளிகைகளிடமுந்தான். பச்சை உடையின் புதிய வடிவத்தை 2019 செப்டம்பரில் லோபஸே மிலான் மேடையில் அணிந்து நடந்தபோது, பெயர்களெல்லாம் சரியாகச் சொல்லப்பட்டன. ஏனென்றால் அந்தப் பெயர்களுக்குச் சொத்தும் வழக்கறிஞர்களும் உண்டு. மற்றவர்களின் பெயரை எழுத ஒரு சிறு அட்டை போதும்.

அதற்குக்கூட வற்புறுத்தல் வேண்டியிருக்கிறது. 2017 மே மாதம் ஃப்ளாரன்ஸில் குச்சி ஸ்தாபனம் காட்டிய உடைகளுள், முத்திரை பொறித்த பலூன் கைகள் கொண்ட மேலங்கி ஒன்று இருந்தது. ஒலிம்பிக் ஓட்டக்காரியான டயான் டிக்ஸனுக்கு 1989இல் டேப்பர் டேன் தைத்துக் கொடுத்த மேலங்கியின் சாயலே அது. இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டு ஒரே நாளில் உலகைச் சுற்றின. டிக்ஸன் அம்மையாரே தம் பழைய படத்தை வெளியிட்டு, உரியவருக்கு உரிய பெயரைக் கொடுங்கள் என்று கேட்டார். பச்சை உடையைப் பார்க்கத் துடித்த கூட்டத்துக்காக வளர்ந்த படத்தேடல், பதினாறு வருஷங்களில் கடன்காரர்களைக் காட்டிக்கொடுக்கும் சாட்சியாகவும் ஆகிவிட்டிருந்தது. முதலில் அது மரியாதை செலுத்தும் வகை என்று சொன்ன குச்சி, பிறகு டேப்பர் டேனோடு உடன்படிக்கை செய்துகொண்டு, 2018இல் ஹார்லெமிலேயே அவருக்கு ஒரு தையற்கூடம் திறக்க உதவி, அச்சிட்ட துணிகளையும் தானே அனுப்பத் தொடங்கியது. ஒரு மாளிகையின் வழக்கறிஞர்கள் மூடிய தொழிலை இன்னொரு மாளிகை திறந்துவைக்க இருபத்தைந்து வருஷம் பிடித்தது. அதுவும், டிக்ஸன் அம்மையார் அந்தப் புகைப்படத்தைப் பத்திரமாக வைத்திருந்ததனால்.